தலைமடைக் காவல்



இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் சேவை மறுப்புத் தாக்குதல். பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் நடத்தினால் அதையே 'டிடாஸ்' என்பார்கள். இது திருட்டு இல்லை. பூட்டை உடைத்து உள்ளே போகிற வேலையும் இல்லை. ஓர் இணையதளம் தாங்க முடியாத அளவுக்குக் கோரிக்கைகளை அனுப்பி, அதை உண்மையாகத் தேடி வருகிறவர் யாரும் நுழைய முடியாமல் செய்வது. அவ்வளவுதான். ஆனால் வங்கி, ரயில் முன்பதிவு, மருத்துவமனை, தேர்வு முடிவு எல்லாமே கைப்பேசிக்குள் வந்துவிட்ட நாட்டில், கதவை அடைப்பதும் சொத்தைப் பறிப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்த வரலாற்றின் தொடக்கத்தில் தமிழர் பெயர் ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. 1998 வாக்கில் 'இன்டர்நெட் பிளாக் டைகர்ஸ்' என்று தங்களைச் சொல்லிக்கொண்ட ஒரு குழு, இலங்கைத் தூதரகங்களுக்கு மின்னஞ்சல்களைக் கொட்டியது. நாளொன்றுக்கு 800 மின்னஞ்சல், இரண்டு வாரம். ஒரு நாட்டின் கணினி அமைப்பின்மீது ஆயுதக் குழு ஒன்று நடத்திய முதல் தாக்குதல் என்று அமெரிக்க உளவுத்துறை வட்டாரங்கள் அதைக் குறித்தன. கணினிப் பாதுகாப்பு அறிஞர் டோரதி டென்னிங் எழுதியதன்பின் அது உலகெங்கும் பாடநூல்களில் ஏறிவிட்டது. அதன் அரசியலுக்குள் நான் போகவில்லை. எண்ணை மட்டும் பாருங்கள். 800! இன்றைக்கு ஒரு கல்யாண மண்டபக்காரரின் வாட்ஸ்அப்பில் முகூர்த்த நாளில் அதைவிட அதிகம் வந்து விழும். தாக்குதலின் பலம் அனுப்புகிறவனின் கையில் மட்டும் இல்லை, வாங்குகிறவரின் கொள்ளளவிலும் இருக்கிறது. அந்தக் காலத்துத் தூதரகத்துக்கு 800 என்பது வெள்ளம்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1996 செப்டம்பரில், நியூயார்க்கில் பானிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனம் பல நாள் முடங்கியது. அங்கே நடந்ததைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு கணினி சர்வரோடு பேசத் தொடங்க மூன்று படிகள் உண்டு. 'பேசலாமா' என்று கணினி ஒரு பொட்டலம் அனுப்பும். 'பேசலாம்' என்று சர்வர் பதில் அனுப்பிவிட்டு, வந்தவருக்காக நினைவகத்தில் ஓர் இடம் ஒதுக்கிக் காத்திருக்கும். 'சரி' என்று மறுபடி சொன்னால் இணைப்பு உறுதி. தாக்குகிறவன் முதல் படியோடு நின்றுகொள்வான், அதுவும் பொய்யான அனுப்புநர் முகவரியோடு. சர்வரின் பதில் எங்கோ போய் விழும். ஒதுக்கிய இடங்களோ காலியாகாது. அந்தக் காலத்துச் சர்வர்களில் அப்படி ஒதுக்கும் இடங்கள் மிகக் குறைவு. விநாடிக்கு இருநூறுக்கு உட்பட்ட பொட்டலங்களே ஒரு நிறுவனத்தைப் படுக்கவைக்கப் போதுமாக இருந்தன.

அந்த மாதமே டேனியல் பெர்ன்ஸ்டீன் ஒரு தீர்வு சொன்னார். இந்தத் துறையில் நான் மிகவும் ரசிக்கிற தீர்வு அதுதான். ஆள் உண்மையா என்று தெரியும்வரை இடமே ஒதுக்காதே என்றார். சர்வர் அனுப்பும் பதிலில் எப்படியும் ஒரு வரிசை எண் போகிறது. அந்த எண்ணை, வந்தவரின் முகவரி, நேரம், சர்வருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியம் எல்லாவற்றையும் கலந்து கணக்கிட்டு உண்டாக்க வேண்டும். உண்மையான ஆள் அந்த எண்ணைச் சுமந்துகொண்டு திரும்பி வருவார். அப்போது கணக்கைச் சரிபார்த்து இடம் கொடுத்தால் போதும். பொய் முகவரிக்காரன் அந்த எண்ணைப் பார்க்கவே போவதில்லை. சர்வர் எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லை. நினைவே எண்ணுக்குள் போய்விட்டது. 'சின் குக்கி' என்று பெயர். இன்று லினக்ஸ் சர்வர்களில் இது இயல்பாகவே இருக்கிறது. மாணவர்கள் வீட்டுக்குப் போய் எழுதிப் பார்க்கலாம், பத்து வரி நிரல்தான்.

ஆனால் அது சர்வருக்குள் தீரக்கூடிய சிக்கல். சர்வருக்கு வருகிற இணைப்பே நிரம்பிவிட்டால், உள்ளே எவ்வளவு புத்திசாலித்தனம் இருந்து என்ன பயன்? இதை உலகத்தில் யாருக்கு விளக்க வேண்டியிருந்தாலும் இந்தக் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1895-இல் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திரும்பிய நாளிலிருந்து, லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக வயல் அந்த ஒரே வரத்தை நம்பி நிற்கிறது. ஆற்றில் அளவுக்கு மீறி வந்துவிட்டால் கடைமடைக்காரர் தன் வரப்பை உயர்த்திக்கொண்டே போவதில் அர்த்தம் இல்லை. தலைமடையில் ஷட்டரை இறக்க வேண்டும். இணையத்திலும் அப்படியேதான். நூறு மெகாபிட் இணைப்பு வைத்திருக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின்மீது பத்து ஜிகாபிட் பாய்ந்தால், அது வாங்கி வைத்திருக்கும் ஃபயர்வால் பெட்டி எத்தனை லட்சமானாலும் சரி, பெட்டிக்கு வந்து சேரும் முன்பே வழி அடைபட்டுவிடும். நான் இன்று சொல்ல வந்த ஒரே செய்தி இதுதான். தாக்கப்படுகிறவர் தனியாகத் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. காவல் மேலே இருக்க வேண்டும்.

நம் ஊரில் 'மேலே' என்றால் யார்? இங்கே ஒரு காலத்தில் கேபிள் டி.வி. கொடுத்தவர்களில் பலர் இன்று ஃபைபர் இணைப்புக் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு மேலே ஒரு பெரிய நிறுவனம், அதற்கும் மேலே கடலடிக் கம்பிவடக்காரர்கள். 2016 ஜூலையில் மும்பைப் பகுதியின் சிறு இணையச் சேவை நிறுவனங்கள்மீதே நேராகத் தாக்குதல் நடந்து, காவல்துறை வழக்குப் பதிந்தது. விநாடிக்கு 200 ஜிகாபிட் என்று அப்போது செய்திகள் வந்தன. தாக்குதலுக்கு ஆளாகும் சின்ன நிறுவனம் பொதுவாகச் செய்வது என்ன தெரியுமா? தாக்கப்படும் முகவரிக்கு வருவது எல்லாவற்றையும் குப்பையில் கொட்டும்படி மேலே இருப்பவரிடம் சொல்லும். 'பிளாக்ஹோல்' என்பார்கள். பக்கத்து வாடிக்கையாளர்கள் பிழைத்துக்கொள்வார்கள். தாக்கப்பட்டவர்? அவரை முடக்கும் வேலையை எதிரிக்குப் பதிலாக நாமே முடித்துக்கொடுத்தோம். வேறு வழியில்லாதபோது அது சரிதான். ஆனால் அதைப் பாதுகாப்பு என்று சொல்லி மாதக் கட்டணம் வாங்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இனி நம் சினிமாவுக்கு வருவோம். 2012-இல் '3' என்ற படம் வெளியானது. 'கொலவெறி' பாட்டை வைத்தே உலகம் அறிந்த படம். திருட்டுப் பிரதிகள் இணையத்தில் பரவக்கூடாது என்று தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில், இன்னார் என்று பெயர் குறிப்பிடாத பிரதிவாதிகளுக்கு எதிராக ஒரு தடையாணை பெற்றது. கேட்டதில் தவறில்லை. உழைத்தவர்களின் காசு. அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. திருட்டுப் படம் இருந்த பக்கங்களை மட்டும் மறைக்காமல், இணையச் சேவை நிறுவனங்கள் சில விமியோ, டெய்லிமோஷன், பைரேட் பே என்று முழுத் தளங்களையே மூடிவிட்டன. விமியோவில் தன் குறும்படத்தை வைத்திருந்த தேனி மாவட்டத்துப் பையன் யாராவது இருந்திருந்தால் அவனும் மூடப்பட்டான். இதற்குப் பழிவாங்க 'அனானிமஸ்' என்ற முகமற்ற கூட்டம் மே மாதம் கிளம்பியது. உச்ச நீதிமன்றத் தளமும் காங்கிரஸ் கட்சித் தளமும் டிடாஸ் தாக்குதலில் முடங்கின. ஜூன் 9-இல் பல நகரங்களில் முகமூடி அணிந்து தெருவுக்கும் வந்தார்கள். அதே மாதம் உயர் நீதிமன்றம், குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்கலாம், முழுத் தளத்தை அல்ல என்று தெளிவுபடுத்தியது.

இதில் யார் சரி என்று மாணவர்கள் பட்டிமன்றம் வைக்கலாம். நான் பார்ப்பது வேறு. முழுத் தளத்தை மூடிய நிறுவனமும் நீதிமன்றத் தளத்தை முடக்கிய கூட்டமும் செய்தது ஒரே காரியம். இரண்டும் சம்பந்தமில்லாதவனின் வழியை அடைத்தன. ஒன்றிடம் ஆணை இருந்தது, இன்னொன்றிடம் முகமூடி இருந்தது. நீதிமன்றத் தளம் முடங்கிய நேரத்தில் தன் வழக்கு எந்தத் தேதிக்குப் போயிருக்கிறது என்று பார்க்க முடியாமல் தவித்தவருக்கு, இது கருத்துச் சுதந்திரப் போர் என்று யார் விளக்குவது?

இந்தக் கதைக்கு முன்கதையும் உண்டு, அதுவும் நம் பக்கத்து மாநிலத்தில். பெங்களூரின் ஏய்ப்ளெக்ஸ் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம், சினிமாக்காரர்களுக்காகத் திருட்டுப் பிரதிகளை நீக்கும் தொழில் செய்தது. நீக்க மறுக்கும் தளங்களின்மீது கோரிக்கைகளைக் கொட்டி முடக்குவோம் என்று அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவரே 2010-இல் பத்திரிகைகளிடம் சொன்னார். அந்தச் செப்டம்பரில் அனானிமஸ் அந்த நிறுவனத் தளத்தையே கவிழ்த்தது. அங்கே தொடங்கியதுதான் 'ஆபரேஷன் பேபேக்'. டிசம்பரில் விக்கிலீக்ஸ் விவகாரத்தை ஒட்டி அது விசா, மாஸ்டர்கார்டு, பேபால் வரை போனது. பேபால் தாக்குதலுக்காக மறு ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் 14 பேர் கைதானார்கள். அகப்பட்ட காரணம் அற்பமானது. அவர்கள் இறக்கி வைத்துக்கொண்ட 'லோயிக்' என்ற கருவி, அனுப்புகிறவரின் உண்மை முகவரியை மறைப்பதே இல்லை. பொத்தானை அழுத்திய ஒவ்வொருவரும் தன் வீட்டு முகவரியை எதிராளியின் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

இளைஞர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். இப்போது பொத்தான்கூட அழுத்த வேண்டாம், வாடகைக்குக் கிடைக்கிறது. 2018 ஏப்ரலில் ஐரோப்பியக் காவல்துறைகள் சேர்ந்து மூடிய 'வெப்ஸ்ட்ரெஸ்ஸர்' என்ற தளத்தில் மாதம் 15 யூரோவுக்குத் தாக்குதல் கிடைத்தது. பதிவு செய்திருந்தவர்கள் 1,36,000-க்கும் மேல். வீடியோ கேமில் தோற்றதற்காக எதிராளியின் வீட்டு இணைப்பை வீழ்த்த வாங்கியவர்களும் இப்படிப்பட்ட தளங்களின் வாடிக்கையாளர்கள்தான். நம் சட்டத்தில் இது விளையாட்டு இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 43-இன் 'எஃப்' உட்பிரிவு, உரிமையுள்ளவருக்கு அணுகலை மறுப்பதைக் குறிப்பிடுகிறது. நேர்மையின்றியோ மோசடியாகவோ செய்தால் பிரிவு 66-இன்படி மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நாட்டின் பாதுகாப்பை அச்சுறுத்தும் நோக்கம் நிரூபணமானால் 66 'எஃப்' பிரிவு, ஆயுள் தண்டனை வரை போகும்.

எல்லா நெரிசலும் தாக்குதல் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2021 ஏப்ரல் 28 மாலை, பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்குக் கோவின் தளத்தில் தடுப்பூசிப் பதிவு திறந்தது. உச்சத்தில் நிமிடத்துக்கு 27 லட்சம் கோரிக்கைகள் என்று அரசு தெரிவித்தது. தொடக்கத்தில் தளம் தடுமாறியது. 2023 செப்டம்பரில் டெல்லி ஜி-20 மாநாட்டின்போது அதன் இணையதளத்தின்மீது நிமிடத்துக்கு 16 லட்சம் தாக்குதல்கள் வந்ததாக உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற மையம் பின்னர் சொன்னது. இரண்டு எண்ணையும் அடுத்தடுத்து வையுங்கள். உயிருக்குப் பயந்து கைப்பேசியைத் தட்டிய மக்களின் கூட்டம் பகைவரின் கூட்டத்தைவிடப் பெரியது! பார்க்கிற இயந்திரத்துக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் குருட்டுத்தனமாகத் தடுப்பது ஆபத்து. நம் ஊர்களில் பல இணைப்புகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. முகவரிகள் போதாததால் ஒரு தெருவே ஒற்றைப் பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறது. அந்த முகவரியில் ஒரு கெட்ட கருவி இருக்கிறது என்று எங்கோ ஒரு சர்வர் தடுத்தால், தெருவில் இருக்கும் அத்தனை பேருக்கும் கதவு சாத்தப்படும்.

கெட்ட கருவி என்றேன். அது என்ன கருவி? 2016 செப்டம்பரில் பிரையன் கிரெப்ஸ் என்ற பத்திரிகையாளரின் தளத்தை விநாடிக்கு 620 ஜிகாபிட் வெள்ளம் அடித்தது. அடித்தவை பெரிய கணினிகள் அல்ல. கண்காணிப்புக் கேமராக்கள், அவற்றின் பதிவுப் பெட்டிகள், வீட்டு ரவுட்டர்கள். 'மிராய்' என்ற நிரல் இணையம் முழுக்கத் தட்டிப் பார்த்து, தயாரிப்பாளர் வைத்துவிட்ட பெயரையும் கடவுச்சொல்லையும் போட்டுத் திறந்தது. 'அட்மின்', மறுபடி 'அட்மின்'. இப்படி அறுபதுக்குச் சற்று மேற்பட்ட ஜோடிகள் கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவுதான் அதன் ஆயுதக் கிடங்கு. அடுத்த மாதம் 21-ஆம் தேதி அதே குடும்பத்து நிரல், தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் 'டின்' என்ற நிறுவனத்தை அடித்தபோது, அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் கிடைக்காமல் போயின. மிராயை எழுதியவர்களில் ஒருவர் பாரஸ் ஜா, கல்லூரி மாணவர். அவர் நடத்திய தொழில் என்ன தெரியுமா? டிடாஸ் தாக்குதலிலிருந்து பாதுகாப்புத் தருவது! தாக்குதலும் அவரே, தாயத்தும் அவரே. 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அந்தக் கேமராக்களின் சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. படம் வந்துகொண்டேதான் இருந்தது. கூடலூர் பக்கம் பன்னீர்த் திராட்சைத் தோட்டத்துக் கம்பத்தில், போடி ஏலக்காய்க் கிடங்கின் வாசலில், கம்பம் மெட்டுச் சாலைப் பெட்டிக்கடையில் தொங்குவதும் அந்த ஜாதிக் கேமராதான். மாட்டியவர் கைப்பேசியில் படம் தெரிய வைத்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போயிருப்பார். கடவுச்சொல்லை மாற்றச் சொல்லியிருப்பாரா என்று இங்கே இருக்கும் வியாபாரிகள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளட்டும். போடியிலும் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. மாதிரிக் காயை உள்ளங்கையில் உருட்டியபடி திரையில் விலை ஏற்றுகிற தொழில். 2021-இலிருந்து இரு மையத்து வியாபாரிகளும் ஒரே நேரத்தில் கலந்துகொள்ள கிளவுட் முறையும் வந்தது. ஒரு லாட் முடிய ஆகிற நேரம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத் திரை உறைந்தால் விலை யாருக்குச் சாதகமாக முடியும் என்று இந்த அவையில் கேட்கத் தேவையில்லை. ஏல மையத்துக்கு ஏதும் நேர்ந்ததாக நான் சொல்லவில்லை. அதை அடிக்கக்கூடிய பொருளும் அதே வியாபாரியின் வாசலில் தொங்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

தளம் வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் சர்வரின் நேர் முகவரியை வெளியே தெரியவிடாதீர்கள். முன்னால் ஒரு பெரிய விநியோக வலையமைப்பை நிறுத்துங்கள். கிளவுட்ஃபிளேர் 2017-இலிருந்து இலவசக் கணக்குக்கும் அளவில்லாத டிடாஸ் தடுப்புத் தருகிறது. செய்தித் தளங்களுக்கும் மனித உரிமை அமைப்புகளுக்கும் கூகுளின் 'புராஜெக்ட் ஷீல்டு' இலவசம். கிரெப்ஸ் கடைசியில் ஒதுங்கியது அங்கேதான். மாறாத பக்கங்களை நகலெடுத்து வைத்துப் பரிமாறுங்கள். ஒருவர் நிமிடத்துக்கு எத்தனை முறை தேடலாம் என்று வரம்பு வையுங்கள். ஆள் உட்கார்ந்து பார்த்துத் தடுக்கிற காலம் போய்விட்டது. 2025 மேயில் கிளவுட்ஃபிளேர் தடுத்த ஒரு தாக்குதல் விநாடிக்கு 7.3 டெராபிட், நீடித்ததோ 45 விநாடி. பொறியாளர் டீக் கிளாஸைக் கீழே வைப்பதற்குள் முடிந்துவிடும். ஆனால் இப்படி எல்லாரும் இரண்டு மூன்று நிறுவனங்களின் நிழலில் ஒதுங்குவதில் எனக்குக் கலக்கமும் உண்டு. அதே ஆண்டு நவம்பர் 18-ஆம் தேதி கிளவுட்ஃபிளேரின் சொந்தக் கோளாறு ஒன்றால் உலகெங்கும் தளங்கள் விழுந்தன. தாக்கியவர் யாரும் இல்லை. தானியங்கி நிரல்களை அடையாளம் காணும் ஒரு கோப்பு எதிர்பாராமல் பெருத்துவிட்டது, அவ்வளவே.

இணைப்புத் தருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பொய் முகவரியோடு வெளியேறும் பொட்டலங்களை வாசலிலேயே நிறுத்தும் முறை 2000 மே மாதமே எழுதப்பட்டுவிட்டது. பால் பெர்குசனும் டேனியல் சீனியும் எழுதிய அந்த ஆவணத்தை 'பிசிபி 38' என்பார்கள். உங்கள் வாடிக்கையாளர் முகவரி அல்லாத எதுவும் உங்கள் வலையமைப்பிலிருந்து வெளியே போகக்கூடாது. அவ்வளவு எளிய விதி. கால் நூற்றாண்டாகியும் எல்லாரும் செய்யவில்லை. ஏன்? செலவு உங்களுக்கு, நன்மை முகம் தெரியாத இன்னொருவருக்கு. 2018 பிப்ரவரி 28-இல் கிட்ஹப் தளத்தை அடித்த 1.35 டெராபிட் இப்படிப் பொய் முகவரியால் பெருகியதுதான். திறந்து கிடந்த 'மெம்கேஷ்டு' சர்வர்களிடம், அடிபட வேண்டியவரின் முகவரியிலிருந்து கேட்பதுபோல் ஒரு சிறு கேள்வி. பதில் பல்லாயிரம் மடங்காகப் பெருத்து அவர் தலையில் விழும். தங்கள் பக்கத்துக் கால்வாயைத் தூர் வாருவதில் தங்களுக்கு நேர்லாபம் இல்லாதவர்களும் குடிமராமத்துக்கு மண்வெட்டியோடு வந்த ஊர்களில், இதை நான் விரித்துச் சொல்ல வேண்டுமா?

அரசு தன் பங்குக்குச் சிலவற்றைச் செய்திருக்கிறது. சேவை மறுப்புத் தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-இல் உத்தரவு வந்தது. சின்ன நிறுவனங்களுக்கு இது சுமை என்று முனகல் உண்டு. எனக்கு அந்த முனகலில் பாதி நியாயம் தெரிகிறது. ஆனால் பதிவேடு இல்லாத இடத்தில் எந்தப் புகாரும் நிற்காது. 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா, கருவிகளில் புகுந்த நிரல்களை நீக்கும் கருவிகளை இலவசமாகவே தருகிறது. விற்பனைக்கு வரும் கண்காணிப்புக் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நல்ல விதி. ஆனால் அது புதிதாக வருவதற்குத்தான். ஏற்கெனவே கம்பங்களில் தொங்குபவை தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

அவற்றுக்கு ஒரு வழி இருக்கிறது. கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஏழு நாள் கிராமத்தில் தங்குகிறீர்கள். கோயில் வளாகம் கூட்டுகிறீர்கள், மரக்கன்று நடுகிறீர்கள். அடுத்த முகாமில் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்குங்கள். கேமரா வைத்திருக்கும் கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, அவர் பக்கத்தில் இருக்க, அவர் கையாலேயே ரவுட்டரின் கடவுச்சொல்லையும் கேமராவின் கடவுச்சொல்லையும் மாற்ற வையுங்கள். கருவிகள் தாமாகவே வெளியே வழி திறந்துகொள்ளும் 'யூபிஎன்பி' என்று ஒரு வசதி ரவுட்டரில் இருக்கும், அதை அணைக்கச் சொல்லுங்கள். நிறுவனம் புதுப்பிப்பு வெளியிட்டிருந்தால் ஏற்றுங்கள். புதிய கடவுச்சொல்லை நீங்கள் பார்க்காதீர்கள். அவர் தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.